எஞ்சினுக்கு என்ன கலர்?

பம்பாயில் பழைய கார் வேலை பார்க்கிற எல்லோரும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஓர் ஆர்டர் உண்டு: "சில்வர் மார் தோ", அதாவது எஞ்சினுக்குச் சில்வர் அடித்துவிடு. காரை விற்கப் போகிறார்களா, சில்வர். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிறார்களா, சில்வர். ஒரு டப்பா அலுமினியம் பெயின்ட், ஒரு பிரஷ், கொஞ்ச நேரம், அவ்வளவுதான் செலவு. ஆயில் கசிவு, துரு, ஒட்டுப்போட்ட விரிசல் எல்லாம் அதற்கடியில் போய்விடும். பானெட்டைத் திறந்தால் எஞ்சின் பளபளக்கும், வாங்க வந்தவர் சொக்கிப்போவார். சுனாபட்டியில் எங்கள் பட்டறைக்கு வந்த பழைய கார்களில் பெரும்பாலானவை இப்படிச் சில்வரைப் போர்த்திக்கொண்டுதான் வந்தன. அதை உரித்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அண்ணாச்சி எனக்குக் கற்றுக்கொடுத்த தொழில்.

சுனாபட்டி ஹார்பர் லைனில் குர்லாவை ஒட்டிய ஸ்டேஷன். இங்கே சுதேசி மில், அங்கே குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். எங்கள் சால் குடியிருப்பில் இருந்த ஆண்கள் ஒன்று நூலோடு பிழைத்தார்கள், இல்லையென்றால் இரும்போடு. அப்பா மில் ஆள். 1982 ஜனவரியில் மில் ஸ்டிரைக் தொடங்கிச் சம்பளம் நின்றபோது, பத்தாவது முடித்துவிட்டு ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்த என்னை அம்மா அண்ணாச்சியிடம் கூட்டிப்போனாள். "ஏதாச்சும் ஒரு தொழிலக் கத்துக்கிடட்டும் அண்ணாச்சி" என்றாள். அவர் என் கையை வாங்கி விரல்களைப் பார்த்தார். மறுநாள் காலை வரச் சொன்னார்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். குர்லா ஃபாக்டரியின் பெயின்ட் ஷாப்பில் சில வருஷம் கை பழகிவிட்டு, தனியாகத் தகரக் கொட்டகை போட்டவர். டாக்ஸிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. கறுப்பு-மஞ்சள் ஃபியட் வரும், டிங்கர் வேலை, பட்டி, பெயின்ட், அடுத்த வண்டி. பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் கார்கள் அவ்வப்போதுதான் வரும். தாதர் பார்சி காலனியிலிருந்து ஒன்று, மாதுங்காவில் வக்கீல் வீட்டு மோரிஸ் மைனர் ஒன்று, செம்பூரில் யாரோ ஒருவர் கொட்டகையில் மூடி வைத்திருந்தது ஒன்று. அந்த வேலையில் காசு குறைவு, நேரம் அதிகம். ஆனால் அண்ணாச்சியின் முகம் மலர்வது அப்போதுதான்.

ஊரில் உள்ளவர்கள் இந்தக் கார்களை 'ஃபாரின் வண்டி' என்பார்கள். அது பாதி உண்மைதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே சிவ்ரியில் கார் கோக்கும் ஆலையைத் திறந்துவிட்டது. இந்தியாவில் முதல் கார் ஆலை அதுதான். பிறகு ஃபோர்டு வந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் கம்பெனி, 1947இல் குர்லாவில் டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் கார்களைக் கோக்க ஆரம்பித்தது. மகிந்திராவின் ஜீப்பும் பம்பாயில்தான் கோக்கப்பட்டது. உதிரிபாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று 1953இல் அரசு முடிவெடுத்தபின், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. ஆகவே எங்கள் கொட்டகைக்கு வந்த செவர்லேயும் பிளிமத்தும் பெரும்பாலும் நாலைந்து மைலுக்குள் பூட்டப்பட்டவை. "பாடிக்கு இங்கன அடிச்சாங்க, அது பம்பாய்க் கலரு. எஞ்சின் பெட்டில வந்துது, அது அமெரிக்காக் கலரு. ரெண்டையும் கொழப்பாத" என்பார் அண்ணாச்சி.

எஞ்சினுக்கு எதற்குப் பெயின்ட் என்று கேட்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு வெறுமனே கிடந்தால் துருப்பிடிக்கும். அதிலும் எங்கள் ஊரில் உப்புக் காற்றும் நாலு மாத மழையும் சேர்ந்துகொள்ளும். வெளிர் நிறமாக இருந்தால் ஆயில் எங்கே கசிகிறது என்று மெக்கானிக்குக்கு உடனே தெரியும். இதற்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு நிறத்தை வைத்துக்கொண்டது. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ எஞ்சின் பச்சை. 1940களின் செவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சின் சாம்பல். மோரிஸ் மைனரின் எஞ்சின் வேறொரு பச்சை, எம்.ஜி.ஏ.யின் எஞ்சின் கருஞ்சிவப்பு. ஜாகுவார் ஈ-டைப் 3.8 லிட்டர் என்றால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் தங்க நிறம். 1920களின் ரோல்ஸ்-ராய்ஸில் கீழே கிராங்க் கேஸ் வெறும் அலுமினியம், மேலே சிலிண்டர்கள் கறுப்பு. விஷயம் தெரிந்தவர் பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் எந்தக் கம்பெனி, ஏறத்தாழ எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார்.

இதை நான் முழுசாகப் படித்தது ஒரு 1947 செவர்லேயிடம். வண்டி ஒரு பார்சிப் பெரியவருடையது. நாங்கள் பாவா என்றே கூப்பிடுவோம், அவரும் அப்படியே ஏற்றுக்கொண்டார். அவருடைய அப்பா புதுசாக வாங்கிய கார். 216 கன அங்குல எஞ்சின், நம் கணக்கில் மூன்றரை லிட்டர். மேலே வழக்கம்போல் சில்வர். பாவா ஓர் அமெரிக்கப் பத்திரிகையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு செவர்லே எஞ்சின் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. "இதுதான் வேணும். செவர்லேன்னா ஆரஞ்சுதானே?" என்றார் இந்தியில்.

அண்ணாச்சி பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தில் இருந்தது வி-8 எஞ்சின். செவர்லே அந்த வி-8ஐக் கொண்டுவந்தது 1955 மாடலில். ஆரஞ்சும் அதோடுதான் வந்தது. தமிழ் சினிமாவுக்கு முழுக் கலர் வந்தது 1956இல், 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்துச் சரக்கு, 1947க்கு இரண்டுமே ஆகாது. அண்ணாச்சி பாவாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "கார்கிட்டயே கேட்டுச் சொல்றேன் சேட்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

காரிடம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மண்ணெண்ணெய், பிரஷ், பழைய துணி. வயர் பிரஷைத் தொட்டால் அண்ணாச்சி கத்துவார், அது அழுக்கோடு அத்தாட்சியையும் சேர்த்துத் தேய்த்துவிடும். "ஏல, சொரண்டாத. மொதல்ல தொடச்சிப் பாரு" என்பார். எண்ணெய்ப் பிசுக்கு போனபின் கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, காசு அகலத்துக்குப் படிப்படியாகச் சீவ வேண்டும். எங்கள் சாலில் தீபாவளிக்குத் தீபாவளி அடித்த சுண்ணாம்பை ஆணியால் கீறினால் வருஷம் வருஷமாக வரி தெரியும், அதே மாதிரிதான் இதுவும். செவர்லேயில் மேலே சில்வர், அதற்குக் கீழே ஒரு சிவப்பு, அதற்கும் கீழே கரும்பச்சை, கடைசியில் சாம்பல்.

கடைசி வரிதான் கம்பெனி வரி என்று சும்மா சொல்லிவிட முடியாது. எஞ்சினை ஒரு தடவை முழுசாகச் சுரண்டிவிட்டு யாரேனும் சாம்பல் அடித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அண்ணாச்சியிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று தின்னர். துணியில் தின்னர் நனைத்து வரியின் மேல் வைத்தால், பட்டறைகளில் அடிக்கிற டூகோ, அதாவது என்.சி. பெயின்ட், கரைந்து துணியில் ஏறும். காய்ந்து இறுகிய எனாமல் கரையாது, சுருங்கி மேலெழும்பும். சிவப்பு கரைந்தது. பச்சையும் கரைந்தது. சாம்பல் சுருங்கியது. ஆக, மேலே இருந்த இரண்டும் ஏதோ பட்டறைக் கை, அடியில் இருந்தது வேறு கை.

இரண்டாவது வழிதான் என்னை இந்தத் தொழிலில் உட்கார வைத்தது. ஜெனரேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றினோம். அது மூடியிருந்த இடத்தில் அதே சாம்பல், வெயில் படாமல், எண்ணெய் படாமல், புதுசு மாதிரி. அடுத்து வாட்டர் பம்பைக் கழற்றினோம். கேஸ்கெட் விளிம்பு வரை சாம்பல் வந்து நின்றிருந்தது, பம்ப் உட்கார்ந்த இடம் வெறும் இரும்பு. அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: "இது ஏன் அப்படி?" நான் யோசித்துச் சொன்னேன்: பம்பைப் பூட்டின பிறகு பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பெயின்ட் காய்ந்த பிறகு பிராக்கெட்டைப் பூட்டியிருக்கிறார்கள். அவர் தலையாட்டினார். அமெரிக்காவில் எந்த ஆள் எதற்கு அடுத்து எதைச் செய்தான் என்று சுனாபட்டியில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சொல்ல முடிகிறது. பட்டறைக்காரன் பின்னாளில் அடித்திருந்தால் இந்த வரிசை இப்படி அமையாது. சாம்பல்தான் கம்பெனி கலர் என்று முடிவானது.

நிறம் தெரிந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. சாம்பலில் ஆயிரம் சாம்பல் உண்டு. வெள்ளை, கறுப்பு, அதில் துளி மஞ்சள், துளி நீலம் என்று கலக்கக் கலக்கத் தள்ளிப்போகும். வெளியே தெரிகிற பெயின்ட்டைப் பார்த்துக் கலக்கக் கூடாது, சூடும் எண்ணெயும் அதைப் பழுப்பாக்கியிருக்கும். பிராக்கெட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த துண்டுதான் அளவுகோல். அதை ஈரத் துணியால் துடைத்தால் உண்மையான நிறம் எழுந்துவரும். டப்பாவில் ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். அதனால் அட்டையில் தடவிப் பார்ப்பது வீண். வார்ப்பிரும்புத் துண்டில் ஸ்ப்ரே செய்து, காய வைத்து, குண்டு பல்புக்கு அருகில் சூடு காட்டி, அதன்பிறகுதான் எஞ்சின் பக்கத்தில் வைக்க வேண்டும். டியூப்லைட்டில் பொருந்துகிற கலர் பகலில் பொருந்தாது. அண்ணாச்சி காலையில், நேர் வெயில் விழாத வாசல் நிழலில்தான் ஒப்பிடுவார். மாலையில் யாராவது சாம்பிள் கேட்டால், "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

ஜூன் பிறந்தால் ஸ்ப்ரே கன்னுக்கு லீவு. காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது டூகோ அடித்தால் தின்னர் பறக்கிற வேகத்தில் பரப்பு குளிர்ந்து, ஈரம் அதில் படிந்து, பெயின்ட்டின் மேல் வெள்ளை பூத்துவிடும். அவசரக்காரர்கள் மெதுவாக உலரும் தின்னரைக் கலந்து சமாளிப்பார்கள். அண்ணாச்சி மழைக்காலத்தில் எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்வார், மேனிஃபோல்டு, கார்புரேட்டர் வேலை பார்ப்பார், பெயின்ட்டை நவராத்திரிக்குத் தள்ளிவைப்பார். பாவாவின் செவர்லேயும் அப்படித்தான் மழை முடியும் வரை காத்திருந்தது.

அடிக்கும்போது எனக்கு இன்னொரு பாடம். நான் போல்ட்களுக்கெல்லாம் பேப்பர் சுற்றி, கேஸ்கெட் ஓரங்களில் டேப் ஒட்டி, அழகாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அண்ணாச்சி வந்து பாதியைப் பிய்த்துப் போட்டார். எஞ்சினைக் கோத்து முடித்தபிறகு மொத்தமாக அடித்த பெயின்ட் அது. போல்ட் தலையிலும் சாம்பல் விழும், கேஸ்கெட் ஓரத்திலும் விழும். அதைத் தவிர்த்து அடித்தால் நகைக்கடைப் பொருள் மாதிரி இருக்கும், கார் எஞ்சின் மாதிரி இருக்காது. பிறகு பூட்டுகிற ஜெனரேட்டர், ஸ்டார்ட்டர் இரண்டும் கறுப்பு. புகை போகும் மேனிஃபோல்டு பல நூறு டிகிரிக்குச் சூடாகும், சாதாரண பெயின்ட் அதில் முதல் ஓட்டத்திலேயே பொரிந்து உதிரும். அதை வெறும் இரும்பாகவே விட வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் நான் ஒட்டிய டேப்பை அண்ணாச்சி தொடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் அருகே எஞ்சின் நம்பர் பொறித்த சின்ன மேடை அது. பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி நம்பர் மழுங்கிப்போனால் ஆர்.டி.ஓ.வில் பதில் சொல்லி மாளாது.

பாவா வந்து பார்த்தார். ஆரஞ்சை எதிர்பார்த்தவர் முன்னால் ஒரு மங்கலான சாம்பல் எஞ்சின். முகம் விழுந்துவிட்டது. அண்ணாச்சி பிராக்கெட்டைக் கழற்றி, தொடாமல் விட்டு வைத்திருந்த பழைய துண்டைக் காட்டினார். பாவா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். "என் அப்பா பார்த்தது இதைத்தானா?" என்று கேட்டார். பிறகு ஆரஞ்சைப் பற்றிப் பேசவேயில்லை. ஹார்னிமன் சர்க்கிளில் பழைய கார் ரேலிக்குப் போனபோது, பானெட்டைத் திறந்து வருவோர் போவோருக்கெல்லாம் ஏன் சாம்பல் என்று அவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நான் வேலை செய்யும் ஒவ்வொரு எஞ்சினிலும், கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய வரிகளை அப்படியே விட்டுவிடுகிறேன். கம்பெனி கலரை மட்டுமல்ல, சில்வரையும் சிவப்பையும்கூட. காரணம், இந்த ஊரில் ஒரு கார் பிறந்த நாள் மட்டும் வாழவில்லை. 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது எத்தனையோ பெரிய அமெரிக்கக் கார்கள் தங்கள் எஞ்சினை இழந்தன. மெட்ராஸ் சிம்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் அந்த இடத்தில் உட்கார்ந்தது. இறக்குமதிக்குக் கதவு அடைத்திருந்த வருஷங்களில் கிடைத்த உதிரியைப் போட்டு, கிடைத்த பெயின்ட்டை அடித்து ஓட்டினார்கள். பாவாவின் எஞ்சினில் இருந்த அந்தக் கரும்பச்சை ஏதோ ஒரு வருஷம் ஏதோ ஒரு மெக்கானிக் கையில் மீந்திருந்த டப்பாவாக இருக்கும். அதுவும் அந்தக் காரின் ஆயுளில் சேர்த்தி. மேலே காலத்துக்குச் சரியான கலரை அடிப்பது என் கடமை. ஆனால் அடுத்து வருகிறவன் நான் சொன்னதைச் சரிபார்க்க அத்தாட்சியை விட்டு வைப்பது அதைவிடப் பெரிய கடமை.

2021இல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பிறகு 50 வருஷம் கடந்திருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து. கலரைப் பற்றி விதியில் பேச்சில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எங்களிடம் வருகிறவர்கள் 'ஒரிஜினல்' என்ற சொல்லை அதிகம் சொல்கிறார்கள்.

அவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது இப்போது செவர்லே அல்ல, குர்லா வண்டி. 1954இல் வந்த ஃபியட் 1100ஐப் பம்பாய்க்காரர்கள் டுக்கர் என்றார்கள். 1964இல் டிலைட், 1970களில் பிரீமியர் பிரசிடென்ட், பிறகு பத்மினி. பெட்ரோல் வண்டிகள் எல்லாவற்றிலும் அதே 1089 சிசி எஞ்சின்தான் ஓடியது. 2003 அக்டோபர் 29இல் பதிவான கடைசி பத்மினி டாக்ஸி, 20 வருஷக் கெடு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் தெருவை விட்டுப் போனது. அந்த வாரம் செய்தித்தாள்களெல்லாம் கண்ணீர் விட்டன. அடுத்த மாதமே இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் தாத்தாவின் பத்மினியை டோ செய்துகொண்டு வந்து, "அங்கிள், இதுக்கு எஞ்சின் கலர் என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அமெரிக்கக் காருக்குப் புத்தகம் இருக்கிறது, ஷேட் கார்டு இருக்கிறது, வருஷவாரியாகச் சண்டை போட ஆட்கள் இருக்கிறார்கள். நடந்து போகிற தூரத்தில் செய்த எஞ்சினுக்கு என் கையில் அப்படி ஒரு காகிதம்கூட இல்லை. டாக்ஸிகளில் எஞ்சினை மாற்றி மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள், ரீகண்டிஷன் செய்த கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு அடித்திருக்கிறார். ஒரு வண்டியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல எஞ்சின்களின் பிராக்கெட்டைக் கழற்றி, நம்பரையும் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் ஒரு வரிசை தெரியவரும். நான் ஒரு ரூல்டு நோட்டில் அதைத்தான் செய்துவருகிறேன். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்ன இரும்புத் தகடு, பின்னால் எஞ்சின் நம்பர். அந்த ஆலையின் பெயின்ட் ஷாப்பில் நின்றவர்கள் குர்லாவிலும் சயானிலும் சுனாபட்டியிலும் இன்னும் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயசு. தகட்டைக் கையில் கொடுத்தால் சிலர் பார்த்தவுடனே "இது நம்மது இல்லடா" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

ஆகவே பத்மினியோடு வருகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: எஞ்சினைக் கழுவாதீர்கள், மேலே எதையும் அடிக்காதீர்கள், ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவாருங்கள், முன்பு வைத்திருந்தவர் உயிரோடு இருந்தால் அவரையும் அழைத்துவாருங்கள். பிறகு உட்கார்ந்து கலரைப் பற்றிப் பேசலாம்.